பட்டுல வரைஞ்ச பேரரசர் முகம்: மங்கோலியர் ஆட்சிக்கால அரச படங்கள் பத்தி ஒரு எளிய அறிமுகம்

குப்லாய் கான்னு நெட்ல தேடினா முதல்ல வந்து நிக்கிற படம் ஒண்ணு இருக்கு. வெள்ளை அங்கி, உருண்டை முகம், கன்னத்துல லேசா செவப்பு, மெல்லிசா ஒரு மீசை, மோவாயில கொஞ்சூண்டு தாடி, உடம்ப ஒரு பக்கமா லேசா திருப்பிக்கிட்டு உக்காந்திருக்குற ஒரு பெரியவர். பின்னாடி ஒண்ணுமே கிடையாது, வெறும் பழுப்பு. சிம்மாசனம் இல்ல, டிராகன் இல்ல, கத்தி இல்ல, மாளிகை இல்ல. மங்கோலியாவுல இருந்து சீனா முழுசும் ஆண்ட ஒருத்தரோட படம் ஏன் இவ்ளோ மொட்டையா இருக்குன்னு பாத்தவங்களுக்கு ஒரு தடவையாவது தோணியிருக்கும். எனக்கு ரொம்ப நாள் தோணிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு விடை தெரிஞ்சப்போ அந்தப் படத்த நான் பாக்குற விதமே மாறிப்போச்சு, அதனாலதான் இத எழுதறேன். கலை வரலாறு எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, பொறுமையா படிச்சா போதும்.

முதல்ல பொருள் என்னன்னு பாத்துருவோம். அது பட்டுத்துணி மேல மையும் வண்ணமும் வெச்சு வரைஞ்ச ஒரு தாள் அளவு படம், உயரம் 59.4 செ.மீ., அகலம் 47 செ.மீ., அவ்ளோதான். இப்போ தைவான்ல தைபே நகரத்துல இருக்குற தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கு. தனிப்படம் கிடையாது, ஒரு ஆல்பத்துல ஒரு பக்கம். அந்த ஆல்பத்துல மொத்தம் 8 பேர்: செங்கிஸ் கான், அவர் மகன் ஒகெதெய், அப்புறம் குப்லாய், அவருக்குப் பின்னாடி வந்த தெமூர், கைஷான், ஆயுர்பர்வதா, தூக் தெமூர், கடைசியா ரிஞ்சின்பால்னு ஒரு சின்னப் பையன். பேரரசிகளுக்குன்னு தனியா இன்னொரு ஆல்பம் இருக்கு. எல்லாமே மார்பு வரைக்கும்தான், நம்ம பாஸ்போர்ட் போட்டோ மாதிரி.

பின்னணி ரெண்டே வரியில சொல்லிடுறேன். செங்கிஸ் கான் 1227-ல இறந்தாரு. அவர் பேரன் குப்லாய் 1260-ல பட்டத்துக்கு வந்து, 1271-ல தன்னோட ஆட்சிக்கு யுவான்னு சீனப் பேரு வெச்சு, 1279-ல தெற்குல மிச்சமிருந்த சோங் அரசையும் முடிச்சு சீனா முழுசையும் கையில எடுத்துக்கிட்டாரு. அந்த ஆட்சி 1368 வரைக்கும் ஓடுச்சு. தலைநகரம் தாது, இன்னைக்கு பெய்ஜிங் இருக்குற இடம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்த சோங் அரசர்களுக்கும் பட்டுல வரைஞ்ச படங்கள் இருக்கு, அதே அருங்காட்சியகத்துலயே இருக்கு. அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்கன்னா வித்தியாசம் சட்டுன்னு தெரியும். சோங் அரசர் நாற்காலியில தலையில இருந்து கால் வரைக்கும் முழுசா உக்காந்திருப்பாரு, பெரிய தொங்கு சுருள் படம், சுவத்துல மாட்டுறதுக்குன்னே செஞ்சது. மங்கோலிய அரசருக்கு அளவும் சின்னது, உடம்பும் பாதிதான். அப்போ இது சுவத்துல மாட்டுறதுக்கு இல்லையோ, வேற ஏதோ வேலைக்கு வரைஞ்சதோன்னு ஒரு சந்தேகம் வரணும். அந்த சந்தேகம் சரிதான், ஆனா அதுக்கு முன்னாடி இந்த முகங்கள யார் பாக்கப் போறாங்கன்னு வரைஞ்சாங்கங்கிறத தெரிஞ்சுக்கணும்.

நம்ம நினைக்கிற மாதிரி ராஜா உக்காந்திருக்க, ஓவியர் எதிர்ல நின்னு வரைய, முடிச்சதும் தர்பார்ல மாட்டி வெச்சு எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்ற கதை இல்ல இது. இது இறந்துபோன முன்னோர கும்பிடுற விஷயம். மங்கோலியர்களுக்கு முன்னோர் உருவத்த வீட்டுல வெச்சு படையல் போடுற வழக்கம் ரொம்ப பழசு, கம்பளிய அமுக்கிச் செஞ்ச தடிச்ச துணியில பொம்மை மாதிரி செஞ்சு கூடாரத்துக்குள்ள வெச்சிருப்பாங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி அதோட வாயில கொஞ்சம் வெச்சுட்டுத்தான் அவங்க சாப்பிடுவாங்க. 1246-ல மங்கோலிய முகாமுக்குப் போன கார்ப்பினிங்கிற இத்தாலியத் துறவி, செங்கிஸ் கானுக்கு ஒரு உருவம் செஞ்சு வண்டியில வெச்சு எல்லாரையும் அதுக்கு வணக்கம் சொல்ல வெச்சாங்கன்னு எழுதி வெச்சிருக்காரு. அதே வருஷம் செர்னிகோவ் இளவரசர் மிகைல்ங்கிற ரஷ்யர் அந்த உருவத்த கும்பிட மாட்டேன்னு சொன்னதுக்காக உயிர விட்டாரு. அதாவது, உருவம்னா அவங்களுக்கு அலங்காரம் இல்ல, இறந்தவரே அங்க இருக்காருன்னு அர்த்தம்.

சீனத்துலயும் முன்னோர் படத்த வெச்சு வணங்குற மண்டபங்கள் ஏற்கனவே இருந்துச்சு. அதுக்கு சீனத்துல இருக்குற பேர அப்படியே சொன்னா நிழல் மண்டபம். அவங்க மொழியில நிழலுக்கும் உருவத்துக்கும் ஒரே சொல்லுதான். நம்ம தமிழ்லயும் போட்டோவ நிழற்படம்னு சொல்றோம் இல்லையா, அந்த ஒத்துமைய பாத்தப்போ மனசுக்கு என்னவோ பண்ணுச்சு. இந்த ரெண்டு வழக்கமும், புல்வெளி வழக்கமும் சீன வழக்கமும், குப்லாய் அரண்மனையில வந்து ஒண்ணா சேந்துச்சு.

1278-ல குப்லாய் ஒரு கட்டளை போடுறாரு, கோரிகோசுன்னு ஒரு பெரிய அதிகாரிய கூப்பிட்டு தாத்தா செங்கிஸ் கான் உருவத்த வரையச் சொல்றாரு. அடுத்த வருஷம் தன்னோட அப்பா தொலுய் உருவத்தையும் வரைய வெச்சு, ஏற்கனவே இருந்த ஒகெதெயோட பழைய படத்தோட சேத்து ஹான்லின் கழகத்துல, அதாவது அரசோட எழுத்து, பட்டயம் எல்லாம் பாத்துக்குற உயர் அலுவலகத்துல வைக்க வெச்சாரு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா செங்கிஸ் கான் இறந்து அப்போ 51 வருஷம் ஆச்சு. அவர நேர்ல பாத்தவங்க அப்போ யாராவது உயிரோட இருந்திருந்தாலும் ரொம்ப வயசானவங்களாத்தான் இருந்திருப்பாங்க. ஆல்பத்துல இருக்குற செங்கிஸ் முகத்தையும் குப்லாய் முகத்தையும் பக்கத்துல வெச்சா அதே குடும்ப சாடை, அதே அமைதி, அதே அங்கி. உலகத்த நடுங்க வெச்ச ஆளுன்னு அதப் பாத்து யாரும் சொல்ல மாட்டாங்க. படையெடுத்தவரோட முகம் இல்ல அது, கும்பிடப்படுற தாத்தாவோட முகம். இன்னைக்கு மங்கோலியா நாட்டு தூக்ரிக் நோட்டுல இருக்குற செங்கிஸ் முகமும் இந்தப் பட்டு முகத்த வெச்சு வந்ததுதான்.

சரி, பட்டுல எப்படி வரையறாங்க? இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா அந்த முகத்துல இருக்குற உயிர் எங்க இருந்து வருதுன்னு புரியும்.

பட்டு அப்படியே இருந்தா அதுல வரைய முடியாது, ஈரம் பட்டதும் மை ஊறி நாலாபக்கமும் ஓடிடும். அதனால பட்ட மரச்சட்டத்துல விறைப்பா இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசையையும் படிகாரத்தையும் வெந்நீர்ல கரைச்சு மெல்லிசா பூசுவாங்க. நம்ம ஊர்ல துணிக்கு கஞ்சி போடுறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வஜ்ஜிரம் நூல் இடுக்க அடைக்கும், படிகாரம் அத கெட்டியா பிடிச்சு வைக்கும். காய்ஞ்சதும் பட்டு கண்ணாடித்தாள் மாதிரி ஆயிடும், மை வெச்ச இடத்துலயே நிக்கும். இதுல படிகாரம் கூடிப்போனா நாளாவட்டத்துல பட்டு உதிர ஆரம்பிச்சுடும், குறைஞ்சா மை கசியும், அந்த பக்குவம் கைக்கு வர்றதுக்கே வருஷக்கணக்கா ஆகும்.

பட்டுல இன்னொரு பெரிய சங்கடம், தப்பு பண்ணினா அழிக்க முடியாது. அதனால முதல்ல காகிதத்துல மாதிரி போட்டு, எத்தன தடவ வேணும்னாலும் திருத்தி, சம்பந்தப்பட்டவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அந்தக் காகிதத்த பட்டுக்கு அடியில வெச்சு, மேல தெரியுற கோட்ட மெல்லிய தூரிகையால எடுப்பாங்க. பட்டு ஊடுருவித் தெரியும்ங்கிறது இங்க வசதியாகுது. குப்லாய் தாடியில ஒவ்வொரு முடியும் தனித்தனியா ஓடுறத பெருசு பண்ணி பாருங்க, தயங்கின கோடு ஒண்ணுகூட கிடைக்காது.

அதே ஊடுருவித் தெரியுற குணத்த வண்ணத்துக்கும் பயன்படுத்துவாங்க, எனக்கு இந்த தொழில்ல ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். முகத்துக்கு வண்ணத்த முன்பக்கம் மட்டும் பூச மாட்டாங்க, பட்டோட பின்பக்கத்துலயும் வெள்ளை பூசுவாங்க. பின்னாடி இருக்குற வெள்ளை நூலுக்கு நடுவுல இருந்து மெதுவா முன்னாடி வெளிச்சம் கொடுக்கும், அதுக்கு மேல முன்பக்கம் ரொம்ப நீர்த்த செவப்ப ஒண்ணுக்கு மேல ஒண்ணா பல தடவ தடவுவாங்க, ஒவ்வொண்ணும் காய்ஞ்ச அப்புறம் அடுத்தது. அதனாலதான் கன்னத்துல இருக்குற செவப்பு பூசின மாதிரி தெரியாம தோலுக்கு அடியில ரத்தம் ஓடுற மாதிரி தெரியுது. 1270-கள்ல குப்லாய் அரண்மனைக்கு வந்த மார்க்கோ போலோ அவர் முகம் வெள்ளையும் செவப்புமா இருந்துச்சு, கண்ணு கருப்பா அழகா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காரு, படமும் அதத்தான் சொல்லுது.

வண்ணங்கள் எல்லாம் பெரும்பாலும் கல்லுல இருந்து வர்றது. செவப்புக்கு சாதிலிங்கம், நீலத்துக்கும் பச்சைக்கும் செம்பு கலந்த கனிமக் கற்கள், வெள்ளைக்கு ஈய வெள்ளை இல்லன்னா சிப்பிச் சுண்ணாம்பு. இடிச்சு, அரைச்சு, தண்ணியில தெளிய வெச்சு, நைசா இருக்குறத தனியா எடுத்து, அதுலயும் வஜ்ஜிரம் கலந்து பூசுறது. கல்லுப் பொடிங்கிறதாலதான் 700 வருஷம் கழிச்சும் பேரரசிங்களோட சிவப்பு அங்கி மங்காம நிக்குது.

முகம் வரையறதப் பத்தி யுவான் காலத்துலயே ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு, வாங் யீன்னு பேரு, ஹாங்சோ ஊர்ல இருந்த உருவப்பட ஓவியர். அரண்மனை ஓவியர் இல்ல, ஆனா அவர் சொல்றது தங்கமான விஷயம்: ஆள விறைப்பா உக்கார வெச்சு துணிய சரிபண்ணி களிமண் பொம்மை மாதிரி ஆக்கி வரைஞ்சா அவரோட குணம் வராது, அவர் சத்தமா சிரிச்சுப் பேசிக்கிட்டு தன்ன மறந்து இருக்கும்போது அமைதியா பக்கத்துல இருந்து பாத்து மனசுல வாங்கிக்கணும், அப்புறம் கண்ண மூடினா முகம் முன்னாடி வரணும், அப்பதான் தூரிகைய எடுக்கணும்னு சொல்றாரு. முகத்துல மூக்க முதல்ல போடு, மத்ததெல்லாம் அத வெச்சு அளந்து வரும்னும் சொல்றாரு. ஆனா இறந்தவர வரையுற அரண்மனை ஓவியருக்கு இந்த வசதி கிடையாது, அவருக்கு இருக்குறது நினைவும், பழைய மாதிரிப் படங்களும், கூட இருந்தவங்க சொல்றதும்தான்.

உயிரோட இருக்கும்போது வரைஞ்ச படமும் இல்லாம இல்ல. லியூ குவான்தாவ்னு ஒரு சீன ஓவியர், 1279-ல பட்டத்து இளவரசர் சென்ஜின் உருவத்த வரைஞ்சு குப்லாய்க்கு பிடிச்சுப்போய் அரச உடுப்பு அலுவலகத்துல பதவி வாங்கினவரு, 1280-ல குப்லாய் வேட்டைக்குப் போற மாதிரி பெரிய பட்டுப்படம் ஒண்ணு வரைஞ்சாரு. வெள்ளை ரோம மேலங்கிக்குள்ள தங்க வேலை செஞ்ச சிவப்பு உடுப்பு, கருப்பு குதிரை, சுத்தியும் ஆளுங்க, ஒருத்தர் கையில வேட்டைப் பறவை, ஒருத்தர் குதிரைக்குப் பின்னாடி சிறுத்தை, தூரத்துல மணல் மேட்டுல ஒட்டக வரிசை. இந்தப் படத்துல அவர் தடிச்ச உடம்போட சேணத்துல சாய்ஞ்சு உக்காந்திருக்குற ஒரு மனுஷன். ஆல்பத்துல இருக்குறவர் அப்படி இல்ல. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா எது பாக்குறதுக்கு வரைஞ்சது, எது கும்பிடுறதுக்கு வரைஞ்சதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அப்போ ஆல்பத்துல இருக்குற குப்லாய யார் வரைஞ்சது? கலை வரலாற்று ஆய்வாளர்கள்ல பலர் சொல்ற பேரு அரணிகோ, சீனத்துல அனிகே. இவர் மங்கோலியரும் இல்ல, சீனரும் இல்ல, நேபாளத்து காத்மாண்டு பள்ளத்தாக்குல இருந்து வந்தவரு. 1260-ல குப்லாயோட குரு, திபெத்திய லாமா பாக்பா, திபெத்துல ஒரு பொன் ஸ்தூபி கட்டணும்னு நேபாளத்துல இருந்து கைவினைஞர்கள வரவழைச்சப்போ 80 பேர் கிளம்பினாங்க, அவங்களுக்கு தலைமை யாருன்னா பதினேழு வயசுப் பையன் அரணிகோ. வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பப்போனவர பாக்பா விடல, கையோட குப்லாய்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. உனக்கு என்ன தெரியும்னு குப்லாய் கேட்டதுக்கு, என் மனசுதான் எனக்கு குரு, வரையறது, வார்க்கிறது, செதுக்குறது கொஞ்சம் தெரியும்னு சொன்னாராம். உடனே ஒரு பரீட்சை வெச்சாங்க, அக்குபங்சர் கத்துக்கொடுக்குற ஒரு பழைய வெண்கல மனுஷ உருவம், சோங் அரசுல இருந்து வந்தது, பழுதாகிக் கிடந்துச்சு, அத சரிபண்ண யாராலயும் முடியல. 1265-ல அரணிகோ அத சரிபண்ணிக் கொடுத்தாரு, நரம்பு ஓட்டம் எல்லாம் பொருந்தி வந்ததப் பாத்து அரண்மனை பொற்கொல்லர்களே வாயடைச்சுப் போனாங்கன்னு அரசு வரலாறு பதிவு பண்ணியிருக்கு.

அதுக்கப்புறம் அவர் ஏறினது ஏத்தம்தான். 1273-ல எல்லா கைவினைஞர்களுக்கும் மேற்பார்வையாளர். 1271-ல ஆரம்பிச்சு 1279-ல முடிச்ச தலைநகரத்து வெள்ளை ஸ்தூபி அவர் கட்டினது, கிட்டத்தட்ட 51 மீட்டர் உயரம், இன்னைக்கும் பெய்ஜிங்ல நிக்குது. அந்தக் கோயில் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, மகா ஷெங்ஷோ வான்ஆன் கோயில், கடைசியில மறுபடி வரும். 1306-ல அரணிகோ சீன மண்ணுலயே இறந்தாரு. நேபாளத்துல காத்மாண்டுல இருந்து எல்லைக்குப் போற நெடுஞ்சாலைக்கு இன்னைக்கு அவர் பேருதான்.

படத்துல அவர் கை எங்க தெரியுதுன்னா, குப்லாய் அங்கியப் பாருங்க. சீன ஓவியரா இருந்தா துணி மடிப்புக்கு தூரிகைய தடிப்பும் மெல்லிசுமா அசைச்சு கோடு போட்டிருப்பாரு. இங்க மடிப்பே கொஞ்சம்தான், பெரிய வெள்ளைப் பரப்பு, அத சுத்தி ஒரே தடிமன்ல சீரான கோடு. நேபாள புத்த ஓவியத்துல தெய்வத்த இப்படித்தான் வரைவாங்க. முகத்துல மட்டும் சீனத்து நுணுக்கம். உடுப்பும் தலைமுடியும் மங்கோலியம். மூணு ஊரு ஒரே முகத்துல, ஆனா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியல பாருங்க.

வெள்ளை உடுப்பு பத்தி ஒரு வார்த்தை. சீனத்துல வெள்ளை துக்கத்துக்கு உடுத்துறது. மங்கோலியருக்கு அது மங்கலம், பால் நிறம், புது வருஷத்துக்கே வெள்ளை மாதம்னு பேரு, அன்னைக்கு அரசர்ல இருந்து எல்லாரும் வெள்ளை உடுத்துவாங்கன்னு மார்க்கோ போலோ எழுதியிருக்காரு. சீனாவ ஆளுறவர் தன்னோட நிரந்தர முகத்துக்கு வெள்ளையத் தேர்ந்தெடுத்திருக்காருன்னா அது சும்மா இல்ல. தலைமுடியும் அப்படித்தான், உச்சிய மழிச்சு, நெத்தியில ஒரு கொத்து விட்டு, ரெண்டு காதுக்கும் பின்னாடி சடைய வளையமா சுருட்டிக் கட்டியிருக்கும்.

குப்லாயோட பட்டத்துராணி சாபி, 1281-ல இறந்தாங்க. அவங்க படமும் பேரரசிகள் ஆல்பத்துல இருக்கு, சிவப்பு அங்கி, கழுத்துப் பட்டையில நசீஜ்னு சொல்ற தங்க இழை நெசவு, தலையில பொக்தாங்கிற அந்த உயரமான தொப்பி. உள்ள மரப்பட்டையில கூடு, மேல பட்டு, அதுக்கு மேல முத்து. 1250-கள்ல மங்கோலியாவுக்குப் போன ரூப்ருக்ங்கிற துறவி, இந்த தொப்பியோட பெண்கள் கூட்டமா குதிரையில வர்றத தூரத்துல இருந்து பாத்தா, ஈட்டிய நிமித்திப் பிடிச்ச போர்வீரங்க வர்ற மாதிரி இருக்கும்னு சொல்றாரு. சாபி வெறுமனே அழகுக்கு உடுத்தினவங்க இல்ல, வேட்டையில வெயில் கண்ணுல அடிக்குதுன்னு கணவர் சொன்னதும் மங்கோலியத் தொப்பிக்கு முன்னாடி விளிம்பு வெச்சு தைச்சது அவங்கதான், குப்லாய் சந்தோஷப்பட்டு இனிமே எல்லாருக்கும் இதே மாதிரின்னு சொல்லிட்டாரு.

அதே 1281-ல, தமிழ் வாசிக்கிறவங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு. தென்சீனத்து துறைமுகம் சுவான்சோவுல, அந்த வருஷ சித்திரையில வெட்டின தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. அங்க இருந்த தமிழர் ஒருத்தர் சிவன் கோயில்ல சாமிய எழுந்தருளப் பண்ணினாரு, எதுக்குன்னா செகசைகான் திருமேனிக்கு நன்றாக. அந்தக் கான் குப்லாய்தான்னு பலரும் எடுத்துக்கிறாங்க. வடக்குல அரண்மனையில மங்கோலிய முன்னோர் திருமேனிய பட்டுல வரைஞ்சுக்கிட்டு இருந்த அதே காலத்துல, தெற்குல ஒருத்தர் அவர் திருமேனிக்காக தமிழ்ல வேண்டிக்கிட்டு இருந்திருக்காரு.

குப்லாய்க்குப் பின்னாடி வந்தவங்க படத்துல தொப்பி உச்சியில பெரிய கல் பதிச்சிருக்கும். பேரன் தெமூர் காலத்துல ஒரு பெருவணிகர் ஒரே ஒரு சிவப்புக் கல்ல, அதாவது மாணிக்க நிறத்துல இருந்த ரத்தினத்த, அரசுக்கு வித்தப்போ அதுக்கு மதிப்பு 1,40,000 திங் (அந்தக் காலத்துப் பண அலகு) காகிதப் பணம்னு போட்டாங்க, அத தொப்பி உச்சியில பதிச்சு அடுத்தடுத்த அரசர்கள் புத்தாண்டுக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் போட்டுக்கிட்டாங்க. தாத்தா தொப்பி மொட்டையா இருக்க, பேரப்பிள்ளைங்க தலையில ரத்தினம் ஏறுது, ஆல்பத்த வரிசையா புரட்டினா இது கண்ணுக்கே தெரியும்.

இப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்வி, ஏன் இவ்ளோ சின்னதா, பாதி உடம்போட? ஏன்னா யுவான் நிழல் மண்டபத்துல மாட்டுன படம் வரைஞ்சது இல்ல, நெய்தது. அரசு வரலாறு இத தெளிவா சொல்லுது, முன்னோர் உருவங்கள் எல்லாம் நெசவுக்கூடத்துல பட்டுல நெய்ததுன்னு, அரணிகோ பத்தி எழுதும்போது வரைஞ்ச படம் அந்த நெசவுக்கு கிட்டகூட வர முடியாதுன்னு. அப்போ நம்ம கையில இருக்குற சின்னப் பட்டுப்படங்கள் அந்த நெசவுக்கு போட்டுக்கொடுத்த முகமாதிரியா இருக்கும்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. முகத்த சரியா பிடிச்சுட்டா போதும், உடம்பு, சிம்மாசனம், மத்ததெல்லாம் பெருசா நெய்யும்போது சேத்துக்கலாம். அந்த மொட்டைத்தனத்துக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட பொருத்தமான விளக்கம் இல்ல.

நெசவு எப்படின்னா, சாதாரணமா தறியில ஊடை இழை பாவுக்கு குறுக்க இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஓடும். கெஸிங்கிற இந்த சீன நெசவுல அப்படி ஓடாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் நூல் ஓட்டுற தனித்தனி சின்ன நாடா, உதட்டுச் செவப்பு உதடு முடியுற இடத்துல திரும்பிடும், அடுத்த இழையில இருந்து கன்னத்து நிறம் ஆரம்பிக்கும். ரெண்டு வண்ணம் நேர் கோட்டுல சந்திக்கிற இடத்துல மெல்லிசா ஒரு பிளவு விழும், வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சா வெட்டி வெச்ச மாதிரி தெரியும். தூரிகையால ஒரு நொடியில போடுற புருவத்த இழை இழையா கட்டி ஏத்தணும். ஆள் உயரத்துக்கு மேல இருக்குற ஒரு படத்துக்கு எத்தன பேரோட எத்தன நாள் உழைப்புன்னு நினைச்சுப் பாருங்க, அந்த உழைப்பே முன்னோருக்கு செலுத்துற படையல்தான்.

அப்படி நெய்த அரச முகம் இன்னைக்கு பாக்கணும்னா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல ஒரு மண்டலம், அதாவது தெய்வத்த நடுவுல வெச்ச பௌத்த வழிபாட்டுப் படம், இருக்கு, வஜ்ரபைரவர் மண்டலம், 1330-லருந்து 1332-க்குள்ள செஞ்ச கெஸி நெசவு, உயரம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர், அகலம் ரெண்டு மீட்டர். நடுவுல எருமைத்தலை தெய்வம். கீழ ஒரு மூலையில பேரரசர் தூக் தெமூரும் அவர் அண்ணன் கோஷிலாவும், இன்னொரு மூலையில அவங்க மனைவிங்க புதாஷ்ரியும் பாபுஷாவும், பேரெல்லாம் திபெத்திய எழுத்துல நெய்திருக்கு. நாலு பேரும் பக்தியா உக்காந்திருக்காங்க. ஆனா கோஷிலா 1329-லயே திடீர்னு இறந்துட்டாரு, அதுல தம்பிக்கு பங்கு இருக்குன்னு சந்தேகம், பாபுஷாவ 1330-ல புதாஷ்ரியே கொல்ல வெச்சாங்க. கொன்னவங்களும் செத்தவங்களும் ஒரே பட்டுல பக்கத்துல பக்கத்துல. ஆல்பத்துல கடைசியா ஒரு சின்னப் பையன் முகம் இருக்குன்னு சொன்னேன் இல்லையா, ரிஞ்சின்பால், அவன் கோஷிலாவுக்கும் பாபுஷாவுக்கும் பிறந்த பிள்ளை. 1332-ல ஆறு வயசுல பட்டத்துல உக்கார வெச்சாங்க, ரெண்டு மாசம்கூட முழுசா இல்ல, அதே வருஷம் இறந்துட்டான். அந்தக் கதை தெரிஞ்ச அப்புறம் அந்த முகத்த தாண்டி பக்கத்த புரட்டவே கை வரல எனக்கு.

குப்லாயும் சாபியும் நெய்த உருவத்துல எங்க இருந்தாங்கன்னா, அரணிகோ கட்டின அந்த வெள்ளை ஸ்தூபி கோயில்லதான், அங்கதான் அவங்களோட நிழல் மண்டபம். 1368 கோடையில ஒரு நாள் மத்தியானம் இடியும் மழையுமா இருந்தப்போ வானத்துல இருந்து நெருப்பு விழுந்து கோயில் கூரையில பிடிச்சுது, புத்தர் சிலை மேலயும் எரிஞ்சுது. கடைசி மங்கோலியப் பேரரசர் தோகோன் தெமூர் செய்தி கேட்டு அழுதாரு, எல்லா அதிகாரிகளையும் ஓடிப்போய் காப்பாத்தச் சொன்னாரு. கிழக்கு மேற்கு ரெண்டு நிழல் மண்டபத்துல இருந்த முன்னோர் பலகைகளையும் விலைமதிப்பான பொருட்களையும் மட்டும்தான் வெளிய எடுக்க முடிஞ்சுது, மத்தது சாம்பல். சில வாரத்துல எதிரியான மிங் அரசோட படை நெருங்கவும் அவர் தலைநகரத்த விட்டு வடக்க கிளம்பிட்டாரு.

பாடுபட்டு நெய்து கும்பிட்ட குப்லாயும் சாபியும் நமக்கு கிடைக்கல. மாதிரிக்குன்னு வரைஞ்ச சின்னப் பட்டுத்துண்டுகள்தான் தப்பிச்சு வந்திருக்கு. 1747-ல சிங் பேரரசர் சியான்லோங் பழைய அரச படங்கள எல்லாம் ஒழுங்குபண்ணி அரண்மனையில நான்ஷுன் மண்டபத்துல வைக்க வெச்சாரு. 1933-ல ஜப்பான் படை நெருங்கினப்போ அரண்மனைப் பொருட்கள பெட்டியில கட்டி தெற்க அனுப்பினாங்க, வருஷக்கணக்கா ஊர் ஊரா போச்சு, 1948-49-ல அதுல ஒரு பகுதி கடல் தாண்டி தைவான் போய் சேந்துச்சு. அந்தப் பெட்டிகள்லதான் இந்த ஆல்பமும் போச்சு. அருங்காட்சியகத்தோட தளத்துல படத்த நல்லா பெருசாக்கிப் பாக்கலாம், குப்லாய் கன்னத்துல போய் நில்லுங்க, செவப்புக்கு அடியில பட்டோட பாவும் ஊடையும் கட்டம் கட்டமா தெரியும்.